புகாரே இல்லாத பள்ளிக்கூடம்

"பரிசு, ரெண்டாவதாப் பார்த்தோமே, அந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான்" என்று ஆராய்ச்சியாளர் சொன்னதும் கல்வி அதிகாரிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பிள்ளைகள் ஒருவரையொருவர் வதைக்காமல் பார்த்துக்கொள்ளும் பள்ளிக்கான பரிசு அது. அதிகாரியோடு நடுவராக வந்திருந்த அந்த ஆராய்ச்சியாளர் அம்மாளோ பள்ளிப் பிள்ளைகளின் மனநலத்தை ஆராய்ந்தே தலை நரைத்தவர். அவர் வாயிலிருந்தா இப்படி ஒரு பேச்சு?

முதல் பள்ளியில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை. வருஷம் முழுக்க ஒரு புகாரும் வரவில்லை என்று தலைமையாசிரியை பூரித்துப்போய்ச் சொன்னார். ஆராய்ச்சியாளர் வகுத்துக் கொடுத்த பயிற்சியைத்தான் அங்கே நடத்துகிறார்கள். சுவரெல்லாம் அவர் எழுதிய வாசகங்கள். அந்தப் பள்ளி ஜெயித்தால் அவருடைய திட்டம் எல்லாப் பள்ளிகளுக்கும் போகும்.

அதிகாரி தன் மகளைச் சேர்த்திருப்பதும் அங்கேதான்.

இரண்டாவது பள்ளியோ சந்தைக்கடை. வந்தவர்களுக்கு வைத்த காபி ஆறிப்போனது. தலைமையாசிரியர் பாட்டுக்குப் பிள்ளைகளின் பஞ்சாயத்தைத் தீர்த்துக்கொண்டிருந்தார். 'பூசணி' என்று கூப்பிடுகிறான், பையை ஒளித்துவைத்துவிட்டாள், விளையாட்டில் சேர்க்க மாட்டேன் என்கிறார்கள். விளையாட்டு வாத்தியாரே தனக்குப் பட்டப்பெயர் வைத்திருக்கிறார் என்று ஒரு பொடிசு, அந்த வாத்தியாரை எதிரில் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனது.

அதிகாரிக்குப் பொறுக்கவில்லை.

"மேடம், இவ்வளவு புகார் வர்ற இடத்துக்குப் பரிசு கொடுத்தா நாலு பேர் சிரிப்பாங்க. உங்க திட்டத்துக்கு நீங்களே குழி தோண்டுறீங்க."

"திட்டம் இந்த வருஷம் போகலைன்னா அடுத்த வருஷம் போகும் சார்" என்றார் அவர், பேனாவை மூடியபடி. "கேலி இல்லாத பள்ளிக்கூடத்தை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை. சொன்னாக் கேட்பாங்கன்னு நம்புற பிள்ளைங்கதான் வாயைத் திறக்கும். முதல் பள்ளியில என் வாசகத்தைச் சுவத்துல மாட்டிட்டு, பிள்ளைங்க வாயை அடைச்சுட்டாங்க."

"அதெப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

"நீங்க தலைமையாசிரியையோட பேசிட்டிருந்தப்போ முதலுதவி அறைக்குப் போனேன். படுக்க இடமில்லை. தலைவலி, வயித்துவலின்னு அத்தனை பிள்ளைங்க. ஒண்ணுக்கும் காய்ச்சல் இல்லை. வாய் சொல்ல முடியாததை உடம்பு சொல்லுது சார்."

அதிகாரி பரிசு முடிவுத் தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். அடுத்த வேலையைப் பற்றி உதவியாளர் ஏதோ கேட்டதுகூடக் காதில் விழாமல் வராந்தாவுக்கு வந்து மனைவிக்குப் போன் போட்டார்.

"பாப்பா தினமும் காலையில வயித்துவலின்னு அழுறாளே... அது நடிப்பில்லைம்மா. நான் இப்பவே ஸ்கூலுக்குப் போறேன்."