ஆணி இறங்கிய இடம்

மிக்கேலம்மாளின் மகள் ரெக்ஸ்லினுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வராது. மறைக்கல்விப் பாடத்தை ஒப்பிக்க முடியாதவளுக்கு ஆயர் வந்து தைலம் பூசும் உறுதிபூசுதல் சடங்கு எதற்கு என்று பங்குக் கோயிலில் இரண்டு வருடம் தட்டிக்கழித்தார்கள். மூன்றாம் வருடம் யாரையும் கேட்காமல் மகளை வரிசையில் நிறுத்தி, மிக்கேலம்மாள் தானும் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்டபடி வந்த ஆயர், ரெக்ஸ்லினின் முன்னால் தயங்கினார்.

"கேளுங்க சாமி, நான் அவளுக்குக் காட்டுதேன்."

"இயேசு யாரும்மா?"

மிக்கேலம்மாள் தன் உள்ளங்கைகளின் நடுவில் மாறி மாறித் தொட்டாள். ஆணி இறங்கிய இடம்; அவர்கள் இருவருக்குள்ளும் அதுதான் இயேசுவின் பெயர். பிறகு 'யார்?' என்பதுபோல் புருவத்தை உயர்த்தினாள்.

ரெக்ஸ்லின் யோசிக்கவேயில்லை. தன் இடது கையை விரித்து, அதே இடத்தில் விரலால் நிதானமாக எழுதினாள். ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயர் முழுவதையும் எழுதினாள்.

மிக்கேலம்மாள் கடைசி வரிசைவரை கேட்கும்படி சொன்னாள்: "ஆணி அடிச்ச எடத்துல எம்பேர எழுதி வச்சிருக்கவருன்னு சொல்லுதா, சாமி. இத நான் சொல்லிக்குடுக்கல."

ஆயர் தைலக் கிண்ணத்தைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டுத் தன் உள்ளங்கையை நீட்டினார்.

"எம்பேரும் இருக்கான்னு கேளும்மா."

மிக்கேலம்மாள் கையை உயர்த்துவதற்குள் ரெக்ஸ்லின் சிரித்துக்கொண்டே அந்தக் கையைப் பிடித்து, வாசல் தட்டியில் பார்த்திருந்த அவர் பெயரை அதன் நடுவில் எழுதத் தொடங்கிவிட்டாள். மிக்கேலம்மாள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கோயில் முழுவதையும் நிமிர்ந்து பார்த்தாள்.