மூன்றாவது சீஸ் சான்விச்

14 மார்ச், வெள்ளி, கூர், சுவிட்சர்லாந்து.

இன்றும் எங்கேயோ பிழைவிட்டேன். மாலை டொச் (ஜெர்மன் மொழி) வகுப்புக்கு முன், கல்லூரி மாணவர்கள் வரிசையில் நிற்கும் அந்தச் சின்னச் சாப்பாட்டுக் கடையில் பன்றியிறைச்சி சான்விச் கேட்டேன். கடைக்காரப் பெண்மணி மூன்றாவது வாரமாகச் சீஸ் சான்விச்சைத் தந்தார்.

வகுப்பில் என்னோடு படிக்கும் ஜெரோசன் சிரித்தான்.

"உன்ர டொச் அவவுக்கே விளங்கேல்லை. நாளைக்குச் சோதினையில என்னண்டு கதைக்கப்போறாய்?"

"அதுதான் எனக்கும் பயமாக் கிடக்கு."

"போய்க் கேளடாப்பா."

வகுப்பு முடிந்ததும் போனேன். நான் சொன்ன சொல் பிழையா என்று அந்தப் பெண்மணியிடம் டொச்சில் மெதுவாகக் கேட்டேன்.

"இல்லை, நன்றாக விளங்கியது. வெள்ளிக்கிழமையில் உங்களுக்கு இறைச்சி கொடுக்க வேண்டாம் என்று உங்கள் மாமியார் சொல்லியிருக்கிறார். உங்கள் கல்யாணப் படத்தைக்கூடக் காட்டினார்."

"எப்போது?"

"போன மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. இங்கே சலாமி சான்விச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்."

நாளை காலை ஒன்பது மணிக்கு வாய்மொழிச் சோதனை. போவதற்கு முன், அடுத்த வெள்ளிக்கிழமை என்னோடு சான்விச் சாப்பிட வருகிறாவா என்று மாமியிடம் கேட்க வேண்டும்.