பங்குனி மழைக்குப் பின் ஏரி

புதுப்பட்டினத்துக்கு மீன் ஏற்ற வந்த வண்டி, காலிப் பெட்டிகளோடு ஏரிக்கரையில் நிற்கிறது. நேற்று இரவு கொட்டிய பங்குனி மழையின் மேகம் இன்னும் கலையவில்லை. வெயிலில்லாத வெளிச்சத்தில் தண்ணீர், ஈயம் போன பாத்திரம்போல மங்கிக் கிடக்கிறது. கரையோரமெங்கும் கெண்டைகள் வெள்ளை வயிறு காட்டி ஒதுங்கியிருக்கின்றன. சாகாதவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து காற்றைக் குடிக்கின்றன. அந்தச் சின்னச் சத்தம்தான் ஏரி முழுக்கக் கேட்கிறது. ஏரியைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் பஷீருதீன், செத்த மீன் ஒன்றின் செவுளைப் பிளந்து முகர்கிறார். பூச்சிமருந்து வாடை இல்லை. ஆனாலும் இன்னொன்றை எடுத்து முகர்கிறார். பிறகு மேட்டில் நிற்கும் ராஜாராமை நிமிர்ந்து பார்க்கிறார். ராஜாராமின் கத்திரிக்கொல்லையிலிருந்து செம்மண் தண்ணீர் இன்னமும் கோடாக ஏரிக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. வரப்பில் மருந்தடிக்கும் டேங்க் கவிழ்ந்து கிடக்கிறது.

“அவ்ளோ வெயிலு காஞ்சி திடீர்னு மழ பேஞ்சா, மீனு மூச்சு முட்டிதான் சாவும் பாய்” என்கிறார் ராஜாராம்.

“நேத்து நீ மருந்து அட்சியா இல்லியா, அத்த சொல்லு அண்ணாத்த.”

“மழ வர்ற நாள்ல எவனாவது மருந்து அடிப்பானா?”

“பங்குனில மழ வரும்னு உனுக்கு மட்டும் முன்னாடியே தெரியுமா?”

ராஜாராம் சட்டென்று கரையிறங்கி, மிதக்கும் மீன்களைப் புறங்கையால் ஒதுக்கி, ஏரித் தண்ணீரை இரு கையாலும் அள்ளி வாயில் ஊற்றிக்கொள்கிறார். பஷீருதீன் கையிலிருக்கும் மீனைக் கீழே போடவில்லை. தண்ணீர் உள்ளே இறங்குகிறதா என்று ராஜாராமின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.