ஒத்தக்கண்ணன் பணியமாட்டான்

“அந்தத் திருட்டுப் பய புஸ்தகத்த அடுப்புல வெக்கிறேன் பாரு—”

“வையேன்! பூதம் வுட்ட நெருப்பே ஒத்தக்கண்ணன ஒண்ணும் பண்ணல, நம்ம வூட்டு அடுப்பு இன்னா பண்ணும்—”

“நான் பேசிகினு கீறப்ப நடுவுல பேசாத!”

“நீ நிறுத்தினாத்தான நைனா நான் பேச முடியும்!”

தேவனேரிக் குப்பத்து மணலில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் கைவேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். தேசப்பனுக்கு மானம் போயிற்று. மகள் வச்சலாவைக் கோவளத்துத் தனகோடிக்கு ரெண்டாந்தாரமாகக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை வெற்றிலை மாற்ற வருகிறார்கள். இவள் என்னடாவென்றால் முடியவே முடியாது என்று ஊர் பார்க்க நின்று கத்துகிறாள்.

“தனகோடிக்கு இன்னா கொற? மீன் புடிக்கச் சொந்தமா லாஞ்சு கீது!”

“லாஞ்சுக்குத்தான் என்னக் கட்டிக் குடுக்கறியா?”

வேடிக்கை பார்த்தவர்களில் ஞானம்பாள் களுக்கென்று சிரித்தாள். தேசப்பன் அவளை முறைத்தார்.

எல்லாம் அந்தப் படக்கதை செய்த வேலை. வச்சலா மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜில் கூட்டிப் பெருக்குகிறாள். யாரோ அறையில் விட்டுப்போன புத்தகங்கள், மொத்தம் ஏழு, பக்கத்துக்குப் பக்கம் கலர் படம். தினமும் வேலை முடிந்து வந்ததும் இந்தப் பெண்களை உட்காரவைத்து உரக்கப் படித்துக் காட்டுவாள். குப்பத்துப் பெண்களில் மூன்றாவது வரை படித்தவள் அவள் ஒருத்திதான்.

கதையாவது நல்ல கதையா? தன் நிழலையே பூதத்துக்கு விற்றுவிட்டு, மூன்று தலை மீனில் ஏறிக் கடல் கடலாகக் கொள்ளையடிக்கிற ஒற்றைக்கண் திருடன். பொய் சொல்வான். கோயில் மணியையே கழற்றிக்கொண்டு போவான். ஆனால் அவன் பேசினால் பெண்கள் கைதட்டினார்கள். ‘என் கால் நான் நிக்கறதுக்கு. உன் முன்னால மடக்கறதுக்கு இல்ல’ என்று அவன் ராசாவிடம் சொன்னதை, அவர்களில் ஒருத்தியான முனியம்மா மறுநாளே தன் புருஷனிடம் சொல்லிவிட்டாள்.

வலை மேட்டுக்குப் பின்னால் தூங்குவதுபோல் படுத்துக்கொண்டு தேசப்பனும்தான் அத்தனையையும் கேட்டார். அதை யாரிடமும் சொன்னதில்லை. கேட்டதனால்தான் இப்போது அவருக்கு ஒரு யோசனை வந்தது.

“ஏ வச்சலா, கடைசி புஸ்தகத்துல கடைசிப் பக்கம் இன்னும் படிக்கல இல்ல?”

“இல்ல. நாளைக்குத்தான்.”

“எந்தக் கதையிலயும் கெட்டவன் கடைசில பணிஞ்சுதான் ஆவணும். இவனும் ராசா கால்ல வுழுவான். வுழுந்தான்னா நீயும் வாய மூடிகினு வெள்ளிக்கிழம வந்து நிக்கணும். சரியா?”

“வுழலன்னா?”

“வுழலன்னா கோவளத்துக்கு நானே போய் வேணாம்னு சொல்லிட்டு வரேன். ஆனா நீ படிக்கக் கூடாது. வேற ஆளுதான் படிக்கணும்.”

வச்சலா கொஞ்சமும் யோசிக்கவில்லை.

“யார வோணாலும் இட்டாந்து படிக்கச் சொல்லு நைனா.”

அந்நேரம் பார்த்து சைக்கிள் மணி கேட்டது. திருக்கழுக்குன்றத்திலிருந்து துணிமூட்டையோடு மதார் சாகிப் வந்தார். குப்பத்துக்கு எந்தக் கடுதாசி வந்தாலும் அவர் வந்துதான் படித்துச் சொல்லவேண்டும். அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

“பாய், துணிய அப்புறம் பாப்போம். இதுல கடைசிப் பக்கத்த மட்டும் படிங்க!”

சைக்கிளை நிறுத்திவிட்டுப் புத்தகத்தை வாங்கி, சாகிப் கடைசிப் பக்கத்தைப் பிரித்தார். தேசப்பன் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அடுத்த கணம் ஒரு குதி குதித்தார்.

“பாத்தியா! பாத்தியா! முட்டி போட்டுகினு கீறான்! எதுர்ல ராசா கிரீடத்தோட நிக்கறான்! ஒத்தக்கண்ணன் பணிஞ்சுட்டான்!”

முனியம்மா ஓடிவந்து பார்த்தாள். அவள் முகம் செத்துப்போயிற்று. “ஆமாண்டி வச்சலா… முட்டிதான் போட்டுகினு கீறான். பாவி மவன், இப்பிடிப் பண்ணிட்டானே!”

“வெள்ளிக்கிழம காலைல குளிச்சு ரெடியா இரு,” என்றார் தேசப்பன்.

வச்சலா இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. “படம் கெடக்குது. வாயில இன்னா சொல்றான்? அதப் படிக்கச் சொல்லு. படிக்கணும்னுதான பேச்சு.”

“சொல்லுங்க பாய். ‘மன்னிச்சுடு ராசாவே’ன்னுதான சொல்றான்? சத்தமாச் சொல்லுங்க, இவ காதுல வுழட்டும்!”

மதார் சாகிப் படிக்கவில்லை. முதல் பக்கத்துக்குப் போனார். நடுவில் இரண்டு பக்கம் புரட்டினார். மறுபடி கடைசிக்கு வந்தார். பிறகு வச்சலாவை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“அண்ணாத்த, யார் இத உங்களுக்குப் படிச்சுக் காட்டினது?”

“இவதான். ஏழு புஸ்தகமும் இவதான் படிச்சா. ஏன்?”

“இது தமிழே இல்லியே. இங்கிலீசும் இல்ல, அதுன்னா நான் எழுத்துக் கூட்டுவேன். எந்தச் சீமக்காரன் பாஷையோ. செங்கல்பட்டு வரைக்கும் தேடினாலும் இதப் படிக்க ஆள் கெடைக்காது.”

எல்லாத் தலையும் வச்சலா பக்கம் திரும்பியது. அவள் நடந்து வந்து சாகிப் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி மூடினாள்.

“முட்டி போட்டுகினு கீறவன் எவனோ, நைனா. ஏழு புஸ்தகத்துலயும் ஒத்தக்கண்ணனாப் பேசினது நான். கோவளத்துக்கு நீ போய்ச் சொல்றியா, இல்ல வெள்ளிக்கிழம வர்றவங்ககிட்ட நானே சொல்லட்டுமா?”