சேராத முனைகள்

பெர்மாஸ் ஜெயா குடியிருப்பில், வீட்டின் கார் போர்ச்சில், பொங்கல் காலை வெயில் ஒரு பீங்கான் தட்டின்மேல் விழுகிறது. தட்டில் நிற்கும் புளியமரம் முழங்கை உயரம்தான். ஆனால் பட்டை வெடித்து, வேர் புடைத்து, சாலையோரத்துக் கிழட்டு மரம் போலவே இருக்கிறது. சந்திரமதி அதன் கிளையில் தொங்கும் செப்புக் கம்பியை எடுக்கிறாள். சில வருடங்களுக்கு முன்பு, அடிமரத்தைச் சுற்றி முனைகள் தொடும்படி அவள் வெட்டி வைத்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் சுற்றிப் பார்க்கிறாள். முனைகள் அப்படியே தொட்டுக்கொள்கின்றன. மரம் பருக்கவே இல்லை. “இன்னிக்கும் சேர்ந்துச்சுன்னா மண்ணுல நட்டுடுறேன். தட்டுல வச்சு வதைச்சது போதும் லா,” என்கிறார் அவள் கணவர் கமலநாதன். மண்வெட்டி தயாராக அவர் காலடியில் கிடக்கிறது. கம்பியை வாங்கி அவரே சுற்றுகிறார். “இறுக்காதீங்க, பட்டை நசுங்கும்.” விரல்களைத் தளர்த்துகிறார். முனைகள் சேரவில்லை. நடுவே ஓர் அரிசி அகலத்துக்குக் கறுத்த பட்டை தெரிகிறது. கழற்றி, மறுபடி சுற்றுகிறார். அதே அரிசி அகலம். “அலமாக்,” என்று வியக்கிறார், சன்னிதியில் பேசுகிற குரலில். சந்திரமதி அந்த இடைவெளியையே பார்க்கிறாள். அவர் கம்பியிலிருந்து கையை எடுக்காமல், காலாலேயே மண்வெட்டியை மெதுவாகக் காருக்கு அடியில் தள்ளுகிறார்.