ஞாயிற்றுக்கிழமைச் சந்தேகம்

கனடாவிலிருக்கும் மகளுக்குப் புளியின் அளவு மட்டும் நினைவில் நிற்காது. ஞாயிறு தவறாமல் தூத்துக்குடிக்கு அழைப்பாள். "அப்பா, நெத்திலிக் குழம்புக்குப் புளி எவ்வளவுப்பா?"

ஒருநாள், "சமையல் குறிப்ப நெட்ல ஏத்தி விட்ருங்கப்பா, எங்க அடுப்பே படிச்சுச் சமைச்சிரும்" என்றாள். மரியதாசன் எதையோ அழுத்தி எதையோ அழித்து, நாலு மாதம் மல்லுக்கட்டி ஏற்றிவிட்டார். அன்றோடு அழைப்பு நின்றது.

பதினோரு ஞாயிறு பொறுத்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, குறிப்பிலிருந்த உப்பை மட்டும் அழித்தார். குழம்பு சப்பென்று இருந்தால் கேட்டுத்தானே ஆக வேண்டும்.

அடுத்த ஞாயிறு மடியிலிருந்த போன் அதிர்ந்தது. மகள் வீட்டு அடுப்பு எழுதியிருந்தது: "குறிப்பில் உப்பு விட்டுப்போயிருந்தது, ஐயா. உங்கள் மகளைத் தொந்தரவு செய்யாமல் நானே போட்டுவிட்டேன்."