ஏழாம் பத்தி

கடைகளை வாடகைக்கு விடும் சங்கத்தின் அறையில், ஜன்னல் வெயில் கடை வாடகை ஒப்பந்தத்தின் மேல் சாய்வாக விழுகிறது. ஜரிகைக் கடை கௌசர் கையெழுத்துப் போடாமல் ஏழாம் பத்தியிலேயே விரலை வைத்திருக்கிறாள். பொதுநலன் கருதி, கடையை எப்போது வேண்டுமானாலும் சங்கம் காலி செய்யச் சொல்லலாமாம். போன ஒப்பந்தத்தில் இந்த வரி இல்லை. கோயில் பக்கத்திலுள்ள இந்தக் கடைகளை இடித்துவிட்டு ஓட்டல் கட்டப்போகிறார்கள் என்ற பேச்சு அவள் காதிலும் விழுந்திருக்கிறது. "பொதுநலன்னா இன்னா சார்?" செயலாளர் கைலாசம் சிரிக்கிறார். "எல்லாருக்கும் நல்லதுமா, அவ்ளோதான்." "அப்போ அத எழுதிடுங்க. ரோடு போட, கால்வா தோண்ட, இதுக்கு மட்டும்தான்னு." மின்விசிறிக் காற்றில் தாளின் ஓரம் படபடக்கிறது. அவர் கண்ணாடிக் குண்டை எடுத்து, சரியாக அந்தப் பத்தியின் மேல் வைக்கிறார். அவள் அதை நகர்த்துகிறாள். "அப்டி எழுதினா எங்க கையக் கட்டிப்போட்ட மாதிரி ஆயிடும்மா." "அதுக்குத்தானே சார் ஒப்பந்தம்."

பேனாவை மூடி மேசையில் வைக்கிறாள். சற்றுமுன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்கும் பாத்திரக் கடைக்காரர் தயங்கியபடி கை நீட்டுகிறார். "என் பேப்பர ஒருவாட்டி குடுங்க சார். படிச்சிட்டுத் தரேன்." கையெழுத்தான ஒப்பந்தக் கட்டின் மேல் கைலாசத்தின் உள்ளங்கை மெல்ல அழுந்துகிறது.